மியான்மர்: மௌனம் நமக்கு என்ன தந்தது?

மியான்மரில் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியை 2021 பிப்ரவரி 1 அன்று கவிழ்த்த ராணுவம், 2025 டிசம்பர் 28 தொடங்கிக் கட்டம் கட்டமாக ஒரு தேர்தலை நடத்தியது. அதைக் காட்டித் தன்னை அண்டை நாடுகள் முறையான அரசாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இந்தியா என்ன பதில் சொல்லப்போகிறது? வெளியுறவு அதிகாரிகள் மட்டும் கவலைப்பட வேண்டிய கேள்வி என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது.

இந்தியாவுக்கும் மியான்மருக்கும் இடையே 1,643 கிலோமீட்டர் நில எல்லை இருக்கிறது. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் ஆகிய நான்கு மாநிலங்கள் அதை ஒட்டியிருக்கின்றன. அங்கே குண்டு விழுந்தால் மக்கள் இங்கே ஓடிவருகிறார்கள். அங்கே தயாராகும் போதைப்பொருள் இங்கே விற்கப்படுகிறது. அங்குள்ள இணைய மோசடிக் கூடங்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் அடைபட்டுக் கிடந்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே, ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த நாளிலிருந்து இந்திய அரசு பெரும்பாலும் வாய் மூடியே இருந்துவருகிறது. நாட்டு நலனுக்காகத்தான் இந்த அடக்கம் என்று அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. அப்படியென்றால் அந்தக் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். மனித உரிமையை ஓரம் வைத்தோமே, நலனாவது கைக்கு வந்ததா?

என்ன தேர்தல் இது?

2020 நவம்பர் தேர்தலில், மக்கள் வாக்களித்து நிரப்பிய 476 நாடாளுமன்ற இடங்களில் 396 இடங்களை ஆங் சான் சூச்சியின் தேசிய ஜனநாயக லீக் வென்றது. வாக்காளர் பட்டியலில் மோசடி என்று சொல்லி ராணுவம் ஆட்சியைப் பறித்தது. 2023இல் அந்தக் கட்சியே கலைக்கப்பட்டது. 2025இல் கொண்டுவரப்பட்ட சட்டம், தேர்தலை எதிர்த்துப் பேசுவதையே சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நாட்டின் பல பகுதிகள் ராணுவத்தின் கையிலேயே இல்லாததால் அங்கெல்லாம் வாக்குப்பதிவு நடக்கவில்லை.

மக்கள் தந்த தீர்ப்பை அழித்துவிட்டு, வென்ற கட்சியைக் கலைத்துவிட்டு, விமர்சிப்பவரைச் சிறையில் அடைத்துவிட்டு நடத்தப்படுவதைத் தேர்தல் என்று எந்த ஜனநாயக நாடும் ஏற்கக் கூடாது.

2025 ஆகஸ்ட் இறுதியில் சீனாவின் தியான்ஜின் நகரில் ராணுவத் தலைவர் மின் ஆங் லைங்கைச் சந்தித்த பிரதமர் மோடி, எல்லாத் தரப்பினரும் பங்கேற்கும் நியாயமான தேர்தல் நடக்கும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்ததாக நம் வெளியுறவுத் துறை கூறியது. அந்த அளவுகோலை வைத்தது இந்தியாதான். அதன்படி அளந்து பார்த்து, கண்டதைச் சொல்ல வேண்டிய பொறுப்பும் இந்தியாவுடையதுதான்.

எங்கே நின்றோம்?

2021 மார்ச் 27 அன்று மியான்மர் ராணுவ தின அணிவகுப்பு நடந்தது. பெரும்பாலான நாடுகள் அதைப் புறக்கணித்தன. பிரதிநிதியை அனுப்பிய எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதே நாளில் அந்நாட்டுத் தெருக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்த ஆண்டு ஜூன் 18 அன்று ஐ.நா. பொதுச் சபையில் ஆட்சிக் கவிழ்ப்பைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. 119 நாடுகள் ஆதரித்தன. பெலாரஸ் மட்டும் எதிர்த்தது. இந்தியா உள்ளிட்ட 36 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அண்டை நாடுகளைக் கலந்து பேசாமல் அவசரமாகக் கொண்டுவரப்பட்ட தீர்மானம் என்று இந்தியா விளக்கம் சொன்னது. ஆனால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், வியட்நாம் ஆகிய நாடுகள் ஆதரித்தே வாக்களித்தன. ராணுவத்துக்குப் பணிய மறுத்த மியான்மரின் ஐ.நா. தூதர் ஜோ மோ துன், தன் நாட்டின் பெயரால் தீர்மானத்தை ஆதரித்தார். தன் வேலையையும் உயிரையும் பணயம் வைத்து அவர் எடுத்த நிலையை, எந்த ஆபத்தும் இல்லாத நாம் எடுக்கவில்லை.

2022 டிசம்பர் 21 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையிலும் இதுவே நடந்தது. வன்முறையை நிறுத்தவும் அரசியல் கைதிகளை விடுவிக்கவும் கோரிய தீர்மானத்துக்கு 12 உறுப்பு நாடுகள் ஆதரவு தந்தன. ஒதுங்கியவை மூன்று: சீனா, ரஷ்யா, இந்தியா.

ஆயுத விஷயம் இன்னும் கசப்பானது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மியான்மர் ராணுவத்துக்குச் சென்ற ஆயுதங்களையும் தளவாடங்களையும் கணக்கிட்டது. மொத்த மதிப்பு சுமார் 100 கோடி டாலர். அதில் இந்தியாவிலிருந்து போனது சுமார் 5.1 கோடி டாலர். அரசு நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ரஷ்யா, சீனாவுடன் ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். ஆனால் ‘நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை’ என்று சொல்லும் நாட்டுக்கு அந்தச் சிறிய தொகையும் பொருந்தாது.

இந்தியா எதுவுமே பேசவில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஜனநாயகம் திரும்ப வேண்டும், வன்முறை நிற்க வேண்டும் என்று அறிக்கைகள் வந்திருக்கின்றன. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தின்போது ‘ஆபரேஷன் பிரம்மா’ என்ற பெயரில் மீட்புக் குழுவும் நிவாரணமும் உடனே போயின. ஆனால் அறிக்கையில் ஒன்றும் வாக்கெடுப்பில் வேறொன்றுமாக நடந்துகொண்டால், ராணுவத் தலைமை வாக்கெடுப்பை மட்டுமே எண்ணிப் பார்க்கும்.

மௌனத்துக்குச் சொல்லும் காரணங்கள்

இந்த அடக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1988இல் பர்மிய மாணவர்கள் ராணுவ ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது இந்தியா வெளிப்படையாக அவர்கள் பக்கம் நின்றது. தப்பி வந்த மாணவர்களுக்கு மணிப்பூரிலும் மிசோரமிலும் முகாம்கள் திறக்கப்பட்டன. அகில இந்திய வானொலியின் பர்மிய ஒலிபரப்பு ராணுவத்தைக் கடுமையாக விமர்சித்தது. டெல்லியில் கல்லூரிப் படிப்பை முடித்த சூச்சிக்குப் பின்னர் நேரு விருதும் அறிவிக்கப்பட்டது.

இதற்கு விலை கொடுக்க நேர்ந்தது என்கிறார்கள் மறுதரப்பினர். ராணுவ ஆட்சி சீனாவிடம் நெருங்கியது. வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள் மியான்மர் காடுகளில் தளம் அமைத்தன. 1993இல் வெளியுறவுச் செயலர் ஜே.என். தீட்சித் யாங்கோன் சென்றதிலிருந்து நம் கொள்கை திசை மாறியது. ராணுவத்தோடு உறவு, எல்லைப் பாதுகாப்பு, தென்கிழக்கு ஆசியாவுக்குச் சாலை என்பவை முன்னுரிமை பெற்றன.

எல்லையில் காவல் நிற்பவர்களின் கவலை உண்மையானது. அதை யாரும் எள்ளி நகையாட முடியாது. ஆனால் அந்தக் கொள்கை ஒரு அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது. மியான்மரை முழுதாகக் கட்டுக்குள் வைத்திருப்பது ராணுவம்தான் என்பதே அந்த அனுமானம். இன்று அது பொய்த்துவிட்டது.

நலன் கிடைத்ததா?

கலாதான் திட்டத்தைப் பாருங்கள். கொல்கத்தாவிலிருந்து கடல் வழியாக மியான்மரின் சித்வே துறைமுகம், அங்கிருந்து கலாதான் ஆற்றில் பலேத்வா, பிறகு சாலை வழியாக மிசோரம். 2008இல் ஒப்பந்தம் போட்ட திட்டம் இது. சித்வே துறைமுகத்துக்கு முதல் கப்பல் போனது 2023 மே மாதம். 2024 ஜனவரியில் பலேத்வா நகரத்தை அராக்கன் ராணுவம் என்ற ஆயுதக் குழு கைப்பற்றியது. சித்வே இருக்கும் ரக்கைன் மாநிலத்தின் 17 வட்டங்களில் 14 இன்று அந்தக் குழுவின் கையில். துறைமுகம் மியான்மர் ராணுவத்திடம், ஆறும் சாலையும் எதிர்த் தரப்பிடம். தலைநகர் நெய்பிடாவில் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நம் மக்களின் வரிப்பணத்தில் கட்டிய பாதையில் ஒரு லாரிகூட ஓடாது.

போதைப்பொருளைப் பாருங்கள். 2023இல் ஆப்கானிஸ்தானை முந்தி உலகிலேயே அதிக அபின் விளைவிக்கும் நாடாக மியான்மர் மாறியது என்று ஐ.நா. அமைப்பு அறிவித்தது. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர் மீன்பிடிப் படகு ஒன்றில் 5,000 கிலோவுக்கும் மேற்பட்ட மெத்தாம்பெட்டமைனை நம் கடலோரக் காவல் படை பிடித்தது. சட்டம் செத்துப்போன நாட்டுக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பதன் விலை இது.

மோசடிக் கூடங்கள் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு நேரடியாகத் தெரியும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, கைநிறையச் சம்பளம் என்று ஏஜென்ட் ஆசை காட்டுவார். பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி எல்லை நகரமான மே சோட்டுக்குக் கொண்டுபோவார்கள். மோய் ஆற்றைக் கடந்தால் மியான்மரின் மியாவாடி. அங்கே பாஸ்போர்ட் பறிக்கப்படும். பெண்களின் படங்களைப் போட்டுப் போலிக் கணக்கு தொடங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் நட்பாகப் பேசி, கிரிப்டோவில் பணம் போடச் செய்ய வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் அடி, மின்சார அதிர்ச்சி. வெளியே வர வேண்டும் என்றால் வீட்டார் லட்சக்கணக்கில் பணம் கட்ட வேண்டும்.

2022இலேயே தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் இந்தக் கூடங்களிலிருந்து மீட்கப்பட்டுத் திரும்பினார்கள். 2025 மார்ச்சில் மட்டும் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் அழைத்துவரப்பட்டார்கள். மியாவாடியில் இந்தக் கூடங்களுக்கு நிலமும் காவலும் கொடுத்தது, நெடுங்காலம் ராணுவத்தோடு கைகோத்திருந்த எல்லைக் காவல் படைதான். அந்நாட்டில் சட்டத்தின் ஆட்சி இல்லாமல் போனதும் நம் பிள்ளைகள் அங்கே அடிமைப்பட்டதும் வேறு வேறு செய்திகள் இல்லை.

‘நாம் கண்டித்தால் சீனா நுழைந்துவிடும்’ என்ற வாதமும் நிற்கவில்லை. சீனா எப்போதோ நுழைந்துவிட்டது. அது ராணுவத்தோடும் பேசுகிறது, எல்லையோர ஆயுதக் குழுக்களோடும் பேசுகிறது. 2024இல் ராணுவத்துக்கும் மூன்று ஆயுதக் குழுக்களுக்கும் இடையே சண்டைநிறுத்தம் பேசி வைத்ததே சீனாதான். ஆயுதத்திலும் பணத்திலும் சீனாவோடு நம்மால் போட்டிபோட முடியாது. மியான்மர் மக்களிடம் நமக்கு இருந்த ஒரே தனி மதிப்பு, பக்கத்து வீட்டு ஜனநாயகம் என்பதுதான். அதையும் நாமே கரைத்துக்கொண்டிருக்கிறோம்.

மிசோரம் எடுத்த முடிவு

மிசோரம் எல்லைக்கு எதிரே சின் மாநிலத்தில் தந்த்லாங் என்ற மலை நகரம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் ராணுவத்தின் குண்டுவீச்சில் வீடுகள் தீப்பற்றின. அணைக்க ஓடிய இளம் கிறிஸ்தவப் போதகர் சுட்டுக் கொல்லப்பட்டார். மோதிரத்துக்காக அவருடைய விரல் வெட்டப்பட்டிருந்தது. அடுத்த வாரங்களில் சுமார் 10,000 பேர் வாழ்ந்த ஊர் காலியானது. தியாவ் ஆற்றைக் கடந்து மிசோரம் வந்தவர்களில் அந்த ஊர்க்காரர்களும் உண்டு.

அவர்களை என்ன செய்வது என்பதில் அரசுகள் நடந்துகொண்ட விதம் வேறுபட்டது. 2021 மார்ச் 10 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் எல்லை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: ஊடுருவலைத் தடுங்கள், யாருக்கும் அகதி என்ற நிலையைத் தர மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை. மணிப்பூர் அரசு ஒருபடி மேலே போனது. உணவும் தங்குமிடமும் கொடுக்க முகாம் திறக்கக் கூடாது, அடைக்கலம் கேட்பவர்களை மரியாதையாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. கண்டனம் கிளம்பிய பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

மிசோரம் மறுத்தது. அன்றைய முதல்வர் ஜோரம்தாங்கா, இவர்கள் எங்கள் ரத்த உறவுகள், கைவிட முடியாது என்று பிரதமருக்கு எழுதினார். சுமார் 11 லட்சம் மக்கள்தொகை கொண்ட அந்தச் சின்ன மாநிலம் 30,000க்கும் மேற்பட்டோரை ஏற்றது. தேவாலயங்களும் மிசோ இளைஞர் சங்கமும் அரிசியும் போர்வையும் திரட்டின. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் இடம் கொடுக்கப்பட்டது. ஆட்சி மாறிய பிறகும் இந்த நிலை மாறவில்லை.

சண்டையில் தோற்று மிசோரமுக்குள் ஓடிவந்த மியான்மர் ராணுவ வீரர்களுக்கு இந்தியா சிகிச்சை அளித்து, நூற்றுக்கணக்கானோரை விமானத்தில் திருப்பி அனுப்பியது. அது மனிதாபிமானச் செயல்தான். குண்டு போட்டவர்களுக்குக் காட்டிய அந்தப் பரிவு, குண்டுக்குத் தப்பியவர்களுக்கும் ஒரு கொள்கையாக, எழுத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அகதிக்குச் சட்டம் இல்லாத நாடு

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. நமக்கென்று தனி அகதிச் சட்டமும் இல்லை. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய குடியேற்றச் சட்டம் வந்தபோதும் அந்த இடைவெளி அடைக்கப்படவில்லை. உயிர் தப்பி வந்தவரும் விசா முடிந்து தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியும் சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான்.

அதனால் யாருக்கு அடைக்கலம் என்பது அந்தந்த நேரத்து அரசியலைப் பொறுத்ததாகிவிட்டது. திபெத்தியருக்கு ஒரு விதி, இலங்கைத் தமிழருக்கு ஒரு விதி, சின் மக்களுக்கு ஒரு விதி, ரோஹிங்கியாக்களுக்குச் சிறை என்று ஆளுக்கொரு நியாயம். 2017இல் ரக்கைனில் ராணுவம் நடத்திய கொடுமையில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்த ராணுவத்தைச் சர்வதேச நீதிமன்றத்தில் சூச்சியே நின்று காத்துப் பேசினார் என்பதும் வரலாறு. எந்த ஒரு தலைவருக்காகவும் நாம் வாதாட வேண்டியதில்லை. அடிபடும் மக்களுக்காகப் பேசினால் போதும். ரோஹிங்கியாக்களைத் துன்புறுத்தும்போது அராக்கன் ராணுவத்தையும் அதே குரலில் கண்டிக்க வேண்டும்.

நம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு உயிருக்கான உரிமையைக் குடிமகனுக்கு மட்டும் தரவில்லை. இந்த மண்ணில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தருகிறது. அருணாசலப் பிரதேசத்திலிருந்து சக்மா மக்களை விரட்டும் முயற்சியை 1996இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது இந்தப் பிரிவின் அடிப்படையில்தான்.

தமிழர்களுக்கு இது ஏட்டுச் சங்கதி இல்லை. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. இந்திய வம்சாவளியினர் லட்சக்கணக்கில், உடுத்திய துணியோடு கப்பல் ஏறினார்கள். சென்னையின் பர்மா பஜாரும் ஊர்தோறும் இருக்கும் பர்மா காலனிகளும் அப்படி வந்தவர்கள் எழுப்பியவை. திரும்ப பர்மாவுக்கே போக முயன்று முடியாமல் போனவர்கள், மணிப்பூரின் எல்லை நகரமான மோரேயில் தங்கிக் கோயில் கட்டினார்கள். அந்தத் தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பர்மாவை ராணுவம் ஆண்டால் யார் முதலில் அடிபடுவார்கள் என்பதை நம் பெரியவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

என்ன செய்யலாம்?

முதலாவது, தேர்தலைப் பற்றி நேராகப் பேச வேண்டும். எல்லாத் தரப்பும் பங்கேற்காத இந்தத் தேர்தல் இந்தியா சொன்ன அளவுகோலை எட்டவில்லை என்று அறிவிக்க வேண்டும். அன்றாட அலுவல் தொடர்பு நடக்கட்டும். முழு அங்கீகாரமும் உயர்மட்ட வரவேற்பும் அரசியல் கைதிகளின் விடுதலையையும் குடியிருப்புகள் மீதான வான்வழித் தாக்குதல் நிறுத்தத்தையும் பொறுத்தே அமைய வேண்டும்.

இரண்டாவது, எல்லாரோடும் பேச ஒரு சிறப்புத் தூதரை நியமிக்க வேண்டும். ராணுவ ஆட்சிக்கு எதிராக அமைக்கப்பட்ட தேசிய ஒற்றுமை அரசு, சின், கச்சின் அமைப்புகள், அராக்கன் ராணுவம் ஆகியவற்றோடு மறைமுகமாக நடக்கும் தொடர்பு வெளிப்படையாக நடக்கட்டும். கலாதான் பாதை திறக்கவும் இதைவிட்டால் வேறு வழியில்லை.

மூன்றாவது, ராணுவத்துக்குப் பயன்படும் தளவாடங்கள் எதுவும் இந்தியாவிலிருந்து போகக் கூடாது. அரசு நிறுவனங்களின் ஏற்றுமதிப் பட்டியலை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

நான்காவது, எல்லை வழியாக நிவாரணம் அனுப்ப வேண்டும். மியான்மருக்குள்ளேயே 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து தவிக்கிறார்கள். தலைநகர் வழியாக அனுப்பும் மருந்து அவர்களிடம் போய்ச் சேருவதில்லை. மிசோரமின் ஜோகாவ்தார் வழியாக, அங்குள்ள தொண்டு அமைப்புகளின் துணையோடு மருந்தும் உணவும் போகலாம். அதற்கான செலவை மத்திய அரசு ஏற்க வேண்டும்.

ஐந்தாவது, அகதிகளுக்கு ஒரு தேசியச் சட்டம் வேண்டும். சசி தரூர் கொண்டுவந்தது போன்ற தனிநபர் மசோதாக்கள் ஏற்கெனவே முன்மாதிரியாக இருக்கின்றன. சட்டம் வரும்வரை ஓர் அரசாணை போதும்: உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, பதிவு செய்தவர்களுக்கு அடையாள அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளி, பெரியவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி. அட்டை கொடுத்தால் பாதுகாப்புப் படைக்கும் யார் எங்கே இருக்கிறார் என்று தெரியும்.

ஆறாவது, ஐ.நா.வில் இந்தியா போடும் ஒவ்வொரு மனித உரிமை வாக்குக்கும், போடாத வாக்குக்கும், நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். இலங்கை பற்றிய தீர்மானங்களில் 2012, 2013இல் ஆதரவு, 2014, 2021, 2022இல் ஒதுங்கல் என்று நிலை மாறியபோது, தமிழ்நாடு கேட்டதும் இந்த விளக்கத்தைத்தான்.

ஏழாவது, தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பதிவு பெறாத ஏஜென்ட்கள் மீது வழக்கு, விமான நிலையங்களில் எச்சரிக்கை உதவி மையம், பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் விழிப்புணர்வு வகுப்பு ஆகிய மூன்றும் உடனே செய்யக்கூடியவை. மீண்டு வந்தவர்களைக் குற்றவாளிகளாக நடத்தாமல் சாட்சிகளாக நடத்தினால்தான் ஏஜென்ட்கள் பிடிபடுவார்கள்.

1946இல், சுதந்திரம் கைக்கு வருவதற்கு முன்பே, தென்னாப்பிரிக்காவின் இனப் பாகுபாட்டை ஐ.நா.வுக்குக் கொண்டுசென்ற நாடு இது. 1971இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சோறு போட்ட நாடு இது. அன்று நாம் ஏழைகள். இன்று உலக அரங்கில் உரிய இடம் கேட்கும் நாடாக நிற்கிறோம். பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் கேட்கும் நாடு, பக்கத்து நாட்டு மக்கள் கொல்லப்படும்போது எந்தப் பக்கம் கை தூக்குகிறது என்பதை வைத்துத்தான் அந்தக் கோரிக்கை மதிக்கப்படும்.